மனநோயிலிருந்து தேறியவருக்கு என்ன வேலை? ஏர்வாடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

உங்கள் வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தது. தர்காவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தீர்கள். இப்போது மாத்திரையில் ஓரளவு தேறிவிட்டார். இரவில் தூங்குகிறார், கூப்பிட்டால் பதில் சொல்கிறார், ஆனால் பகல் முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். "இனி இவன் என்ன வேலைக்குப் போவான்?" என்ற கவலை உங்களை விடுவதில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்குத்தான் இங்கே படிப்படியாகப் பதில் சொல்லப் போகிறேன்.

இந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா?

கேட்டிருக்கிறார்கள், அதற்காக அமைப்புகளும் கட்டியிருக்கிறார்கள். 1930களில் அமெரிக்காவில் வேலைப் பஞ்சம். யூதர் என்றாலே வேலை இல்லை என்று சொன்ன முதலாளிகளும் இருந்தார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அகதிகள் வேறு. அங்கிருந்த யூதச் சமூகத்தார் நகரத்துக்கு நகரம் வேலை வழிகாட்டும் நிலையங்களைத் தொடங்கினார்கள். பாஸ்டன் நகர நிலையம் 1938இல் தொடங்கியது. மறு ஆண்டே இப்படிப்பட்ட நிலையங்களுக்கு ஒரு பொதுச் சங்கமும் உருவானது.

அந்த நிலையங்கள் அகதிகளோடு நிற்கவில்லை. உடல் ஊனமுற்றோர், மனவளர்ச்சி குன்றியோர், மனநோயிலிருந்து தேறியோர் என்று யாருக்கு வேலை கிடைப்பது கடினமோ அவர்களையெல்லாம் எடுத்துக்கொண்டன. இன்று மதம் பார்க்காமல் எல்லோருக்கும் உதவுகின்றன. 2017இல் குடும்ப நல அமைப்புகளோடு சேர்ந்து ஒரே கூட்டமைப்பாகிவிட்டன. அமெரிக்கா, கனடா, இஸ்ரேல் நாடுகளிலுள்ள உறுப்பு அமைப்புகள் அதில் இருக்கின்றன.

அவர்கள் ஆண்டுதோறும் மாநாடு கூடுகிறார்களாமே, அது எதற்கு?

ஒரு நகரத்தில் பலித்த வழி அடுத்த நகரத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. எந்த முறையில் வேலைக்கு அனுப்பினால் ஆள் நிலைத்தார், எங்கே பாதியில் நின்றார் என்பதைப் பணியாளர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சு இல்லாத ஊரில் ஒவ்வொரு குடும்பமும் முதலிலிருந்து தானே தட்டித் தடுமாறிக் கற்க வேண்டியிருக்கிறது.

ஏர்வாடிக்கு இது ஏன் முக்கியம்?

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடியில், தர்காவுக்கு வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட தனியார் விடுதிகள் மூடப்பட்டன. இன்று தர்காவுக்கு வருபவர்கள் வேண்டுதலோடு மருத்துவமும் பெறும்படி, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அங்கேயே பார்க்கிறார்கள். 'தவா, துவா', அதாவது மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தது, என்ற இந்த முறை குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாத்தார் தர்காவிலும் நடக்கிறது.

சங்கிலி போனது, மருந்து வந்தது. மூன்றாவதாக வர வேண்டியது வேலை. அது இன்னும் குடும்பங்களின் தலையிலேயே இருக்கிறது.

வேலைக்குப் போனால் நோய் திரும்பிவிடாதா?

பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் பயம் இதுதான். வேலைக்குப் போனதால் நோய் கூடியது என்று ஆய்வுகள் காட்டவில்லை. நோய் திரும்புவதற்குப் பெரிய காரணம் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது. "வேலைக்குப் போகிறான், இனி மருந்து எதற்கு?" என்று நிறுத்தும் வீடுகளில்தான் சிக்கல் வருகிறது. மாத்திரை அவரை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

வேலைக்குப் போகிறவருக்கு எழ ஒரு நேரமும் குளிக்க ஒரு காரணமும் இருக்கும், பேச நாலு பேர் இருப்பார்கள். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பார்க்கும் மருத்துவரால் இதையெல்லாம் எழுதிக் கொடுக்க முடியாது.

முழுதாகத் தேறும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். முன்பெல்லாம் தேறியவர்களைப் பாதுகாப்பான பணிக்கூடத்தில் (தேறியவர்கள் மட்டும் சேர்ந்து வேலை செய்யும் இடம்) வருடக்கணக்கில் பழக்கி, பிறகே வெளியே அனுப்ப வேண்டும் என்று நினைத்தார்கள். பலர் அந்தக் கூடத்திலேயே தங்கிவிட்டார்கள். வெளி வேலை வரவே இல்லை.

பிறகு அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் வேறொரு முறையை உருவாக்கினார்கள். வேலை செய்ய விரும்புகிறவரைச் சீக்கிரமே சாதாரண வேலையில் சேர்ப்பது, அங்கேயே பழக்குவது, ஒருவர் தொடர்ந்து போய்ப் பார்த்துக்கொள்வது என்பதுதான் அந்த முறை. பல நாடுகளில் சோதித்துப் பார்த்தபோது, பழைய முறையைவிட இதில் அதிகம் பேருக்கு வேலை கிடைத்தது.

உங்களுக்கு இதில் என்ன பாடம்? "எப்போது தயார்?" என்று மருத்துவரைக் கேட்பதோடு, "உனக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று தேறியவரையே கேளுங்கள். வேலைக்குப் போக ஆசை இருக்கிறதா என்பதுதான் முதல் தகுதி.

நம் கரையில் என்ன வேலை பொருந்தும்?

நோய்க்கு முன் அவர் என்ன செய்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள். வலை பின்னியவருக்கு வலை பழுதுபார்ப்பது கையில் இருக்கும். பனையோலை முடைந்த அம்மாவுக்குப் பெட்டி முடைய வரும். தர்கா இருப்பதால் தேநீர்க் கடை, சாப்பாட்டுக் கடை, தங்கும் விடுதி, பூக்கடை என்று சிறு வேலைகள் அதிகம். ஆடு வளர்ப்பு, மிளகாய் வற்றல் தரம் பிரிப்பது, கருவாடு காயவைப்பது, கடல்பாசி உலர்த்துவது எல்லாம் ஓரிரு மணி நேரத்தில் தொடங்கக்கூடியவை.

நேரத்தைப் படிப்படியாகக் கூட்ட முடியுமா என்பதையும், கோபக்காரர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். ஓயாத சத்தமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் கட்டளையும் உள்ள இடத்தில் ஆரம்பத்தில் சேர்க்க வேண்டாம்.

வெயிலில், கடலில் வேலை செய்யலாமா?

வாலிநோக்கம் உப்பளத்துக்கோ கரிமூட்டத்துக்கோ கடலுக்கோ அனுப்பும் முன் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். இதைத் தவறாமல் செய்யுங்கள்.

லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வியர்வை அதிகம் போய், தண்ணீர் குறைந்தால், மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மனநோய்க்குத் தரும் வேறு சில மருந்துகள் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும், சில வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். தூக்கம் வரவைக்கும் மருந்து சாப்பிடுகிறவர் அதிகாலையில் வள்ளத்தில் போவதும் பனை ஏறுவதும் ஆபத்து. மருந்தை இரவு எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கேட்டால் மருத்துவர் வழி சொல்வார். நீங்களாக மாற்றாதீர்கள்.

கடைக்காரரிடம் எப்படிப் பேச்செடுப்பது?

"இவனுக்கு ஏதாவது வேலை கொடுங்க" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யாரும் தயங்குவார்கள். ஒரு வேலையை மட்டும் தனியாகப் பிரித்து, நேரம் குறித்து, தவணை சொல்லிக் கேளுங்கள். இப்படி:

"காக்கா, தம்பி இப்ப நல்லா இருக்கான். மாத்திரை மயக்கம் காலையில கொஞ்சம் இருக்கும். பத்து மணிக்கு மேல ரெண்டு மணி நேரம் கிளாஸ் கழுவ வரட்டுமா? ஒரு வாரம் பாருங்க. தெனம் ஒரு தடவ நான் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறேன்."

இதில் கடைக்காரருக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது. என்ன வேலை, எவ்வளவு நேரம், எத்தனை நாள், சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு வாரம் போனபின் மேசை துடைப்பதைச் சேர்க்கலாம். பிறகு பார்சல் கட்டுவதைச் சேர்க்கலாம். கல்லாவில் உட்காரவைப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

சம்பளத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். தொகை சிறியதாக இருக்கலாம், ஆனால் அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காசில் அவர் தனக்கென்று ஏதாவது வாங்கட்டும்.

நோயைச் சொல்லியாக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. மருத்துவ விவரங்களை ரகசியமாக வைத்திருக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் நேரச் சலுகையோ மருத்துவமனைக்குப் போக விடுப்போ வேண்டுமென்றால் ஓரளவு சொல்வதே நல்லது. அப்போதும் நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. தேவையைச் சொன்னால் போதும்: "மாசம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும், காலையில கொஞ்சம் தாமதமாத்தான் வர முடியும்."

எவ்வளவு சொல்வது என்பதைத் தேறியவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வேலைக்கு அனுப்பினால் அவர் அங்கே எப்படித் தலைநிமிர்ந்து நிற்பார்?

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாமா? பெயர் கெட்டுவிடாதா?

வாங்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் மனநோயும் ஒன்று. சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் (மத்திய அரசு தரும் மாற்றுத்திறனாளி அட்டை) உங்கள் கையில்தான் இருக்கும். நீங்கள் காட்டினால்தான் மற்றவருக்குத் தெரியும். திருமணத்துக்கோ ரேஷன் கடைக்கோ அதை யாரும் கேட்க மாட்டார்கள். மனநோய்க்குத் தரும் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்றும் இருக்கலாம்.

எங்கே போவது? ராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மதிப்பீட்டை அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் செய்வார். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் தொடங்கியதால் மதுரைவரை அலைய வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. ஆதார், புகைப்படம், இதுவரை பார்த்த வைத்தியத்தின் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பழைய மருந்துச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

மருத்துவர் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்: தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது. நோயிருந்த காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார். 40 விழுக்காடு வந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி. இங்கே பல குடும்பங்கள் கூச்சத்தில் "எல்லாம் நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிடுகின்றன. நல்ல நாளை மட்டும் சொல்லாதீர்கள். மோசமான நாளில் குளிக்காமல், சாப்பிடாமல் கிடப்பதையும் உள்ளபடி சொல்லுங்கள்.

சான்றிதழால் வேலைக்கு என்ன பயன்?

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் ஒரு விழுக்காடு மனநோய், மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேர்த்து வைக்கப்பட்டது. அரசுக் கல்லூரிகளில் உயர்கல்விக்கு 5 விழுக்காடு இடம் உண்டு.

ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவருக்கு நடுவில் மனநோய் வந்தால்? 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அந்த வேலை செய்ய முடியவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். "ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க" என்று யாராவது சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கேளுங்கள்.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் உண்டு. தையல், ஆடு வளர்ப்பு, செல்போன் பழுதுபார்ப்பு போன்ற குறுகிய காலப் பயிற்சிகளை இலவசமாகத் தருகிறார்கள். பயிற்சி முடிந்தபின் கடன் வாங்கவும் வழிகாட்டுகிறார்கள். பயிற்சிக்கு முன்பே நிலையத்தாரிடம் தேவையைச் சொல்லி, கூட ஒருவர் வரலாமா என்று கேளுங்கள்.

ராமநாதபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதியுங்கள், மாற்றுத்திறனாளி என்ற விவரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போகலாம். கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் போனால் நிறுவனத்தாரிடம் நிதானமாகப் பேச முடியும்.

மனநோயிலிருந்து தேறியவர்களுக்கென்றே தொழில்வழி மறுவாழ்வு (வேலை பழக்கி வாழ்வில் நிலைநிறுத்துவது) தரும் அமைப்புகளும் உண்டு. நமக்குப் பக்கத்தில் மதுரையில் 1992இல் தொடங்கிய எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் இருக்கிறது. வீடற்ற பெண்களுக்காக 1993இல் தொடங்கிய பானியன் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தொழிற்பயிற்சிக் கூடத்தில் நோயாளிகள் ரொட்டி சுடுகிறார்கள். இவர்களிடம் போய்ச் சேர முடியாவிட்டாலும் தொலைபேசியில் பேசி ஆலோசனை கேட்கலாம்.

எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

முதலாவது, "இங்கே விட்டுட்டுப் போங்க, வேலை பழக்கிக் குணமாக்குறோம்" என்று சொல்லிக் கூலியில்லாமல் வேலை வாங்கும் இடங்கள். மனநல நிலையத்தில் இருப்பவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்த வேலைக்கு உரிய கூலி தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95ஆம் பிரிவு தடுக்கிறது. ஒரு விடுதியில் சேர்க்கும் முன் பதிவுச் சான்று கேளுங்கள். நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்க விடுகிறார்களா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்கள். சான்றிதழுக்கும் அட்டைக்கும் பயிற்சிக்கும் தரகர் தேவையில்லை.

மூன்றாவது, வளைகுடா நாடு. நம் பக்கத்தில் வேலை என்றாலே பலருக்கு முதலில் வெளிநாடுதான் நினைவுக்கு வரும். தேறிய உடனே அனுப்ப வேண்டாம். மாத்திரை அங்கே கிடைக்குமா, கிடைக்காவிட்டால் சீட்டோடு கொண்டுபோக அனுமதி உண்டா, தூக்கம் கெட்டால் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே பேசுங்கள்.

சேர்ந்த பிறகு பாதியில் நின்றுவிட்டால்?

நிற்கலாம். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ன நடந்தது என்று அமைதியாகக் கேளுங்கள். வேலை கடினமா, யாராவது ஏதாவது சொன்னார்களா, மாத்திரை விட்டுப்போனதா? காரணம் தெரிந்தால் அடுத்த வேலையைச் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டு மூன்று இரவு தூக்கமில்லாமல் போவது, தனக்குத் தானே பேசுவது, அர்த்தமில்லாத சந்தேகம் இவை நோய் திரும்புவதன் முன்னறிகுறிகள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம். கடைக்காரரிடமும் விடுப்பு சொல்லிவையுங்கள். சொல்லாமல் நின்றால் அந்தக் கதவு மூடிவிடும்.

வீடு மட்டும் செய்தால் போதுமா?

போதாது. ஆண்டுக்கு ஒரு நாள், ஏர்வாடியிலேயே, இதற்கென்று ஒரு கூட்டம் நடக்க வேண்டும். தர்கா நிர்வாகத்தார், ஜமாத்தார், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், வேலைவாய்ப்பு அலுவலர், கடைக்காரர்கள், தேறியவர்கள், அவர்களுடைய குடும்பத்தார் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டும். பெரிய மண்டபமோ பொன்னாடையோ தேவையில்லை. போன ஆண்டு எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் நிலைத்தார்கள், நின்றவர்கள் ஏன் நின்றார்கள், அடுத்த ஆண்டு எந்தக் கடையில், எந்த வேலையில் இடம் இருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிவைத்தால் போதும். அமெரிக்க யூத நிலையங்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடிப் பேசியே தங்கள் வழியைச் சீராக்கிக்கொண்டன.

அந்தக் கூட்டம் வரும்வரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் தேறியவரிடம் என்ன வேலை பிடிக்கும் என்று கேளுங்கள். மருத்துவச் சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் சேருங்கள். தெரிந்த ஒரு கடைக்காரரிடம் இரண்டு மணி நேர வேலை கேளுங்கள். நீங்கள் கடைக்காரராக இருந்தால், யாராவது அப்படிக் கேட்டு வரும்போது ஒரு வாரம் வாய்ப்புக் கொடுங்கள்.